காற்புள்ளி

எண்பத்தெட்டு நொடிதான் படம்.
உறைந்த ஏரி. இந்தக் கரையில் ஒரு நாய்.
அந்தக் கரையில் யாரோ விட்டுப்போன விளக்கு.
நாய் நடக்கிறது. அவ்வளவே.

சோஃபியாவில், டிராம் திரும்பும் முனையில்,
நான்காம் மாடியில் நெவேனா
அந்த நாய்க்குக் கொடுத்தாள்
நான்கு கொம்புகள், மூன்று டிராம்போன்,
ஏழாம் நொடியிலேயே டிம்பனி முரசு,
பிறகு கணினிக்குள் குடியிருக்கும்
அறுபது பேர் கொண்ட பாடகர் குழு
(அறுபது வாய்க்கும் சேர்த்து ஒரே ஒரு ‘ஆ’).
ஹெட்போனைக் கழற்றியபோது
தன் இசைக்குத் தானே கண் கலங்கியிருந்தாள்.
இரவு இரண்டு மணிக்கு யாருக்குத்தான் கலங்காது.

பதிவுக்கு ஒன்பது நாள் இருந்தது.
தாள்களை அச்செடுத்து இருவரிடம் நீட்டினாள்:
கொம்பு ஊதும் யாவோர்,
டபுள் பேஸ் மலீனா.
“தயங்காமல் சொல்லுங்கள்” என்றாள்,
தயங்கினால் நல்லது என்கிற குரலில்.

மலீனா டிராம் நிறுத்தத்தில் நின்று
அலைபேசியிலேயே பார்த்தாள், மறு கையில்
பாதி தின்ற பனிட்சா, சூடாக.
“இந்த நாய் எத்தனை கிலோ இருக்கும்?”
“பத்து, பன்னிரண்டு.”
“உன் இசை அதன் முதுகில் ஏறினால்
ஏரி உடைந்துவிடும்.
அது இன்னும் பனியில் கால் வைக்கவே இல்லை,
நீ அதற்குள் ஜெயித்துவிட்டாய்.
மிச்சம் எண்பது நொடி
நாங்கள் என்ன செய்வது?”
டிராம் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

யாவோர் ஒன்றும் பேசவில்லை.
மறுநாள் கதவுக்கடியில் தாள்கள் திரும்பியிருந்தன.
பதினேழாம் கட்டம் முதல் முப்பத்தொன்று வரை
அவள் இழுத்திருந்த ஒற்றை நீள் சுரத்தின் மேல்
பென்சிலால் ஒரு சொல்:
மூச்சு?

கழுவிய தட்டுகளையே மறுபடி கழுவினாள் நெவேனா.
கணினியின் கொம்புக்காரன் இப்படிக் கேட்டதே இல்லை;
விட்டால் வெள்ளிவரை ஊதுவான்.
ஈரக் கையோடு நின்று
அந்தச் சுரத்தைத் தானே பிடித்துப் பார்த்தாள்.
இருபத்தொன்றில் முகம் சிவந்தது.
இருபத்து மூன்றில் இருமல்.
கீழ்வீட்டுக்காரர் வெந்நீர்க் குழாயைத் தட்டினார்.
அதையும் ஒரு கருத்தாகக் குறித்துக்கொண்டாள்.

முதலில் பாடகர் குழுவை வீட்டுக்கு அனுப்பினாள்.
அறுபது பேரும் சத்தமில்லாமல் போனார்கள்.
டிராம்போன்கள் போயின.
டிம்பனியைத் தூக்கிக் கடைசியில் வைத்தாள்,
ஒரு நாள் பொறுத்து அதையும் எடுத்தாள்.
மலீனா திருப்பித் தந்த தாளில்
முப்பதாம் கட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம்.
என்ன பிழை என்று அரைமணி நேரம் துருவினாள்.
விரலால் தொட்டாள். வெண்ணெய்.
இருந்தாலும் அங்கே செல்லோவை நிறுத்திப் பார்த்தாள்;
நன்றாகத்தான் இருந்தது.

நாய் வழுக்கும் இடத்தில் அந்த ஒற்றை பஸூனை மட்டும்
யார் சொன்னாலும் எடுப்பதாக இல்லை.
மலீனா சிரிப்பாள். சிரிக்கட்டும்.

மூச்செடுக்கும் இடத்துக்குச் சுரத்தாளில் இடும் குறி,
கோட்டுக்கு மேல் தொங்கும் ஒரு காற்புள்ளி.
கால் என்றால் காற்று, என் மொழியின் பழைய கணக்கில்.
கால் என்றால் அந்த நாயின் நான்கும்தான்.
நெவேனாவுக்கு இது தெரியாது.
தெரியாமலே ஆறு இடத்தில் இட்டிருந்தாள்.

பதிவறை. யாவோர் ஒருமுறை ஊதிவிட்டு
தலையை மேலும் கீழும் அசைத்தார்.
அந்த ஊரில் அதற்கு ‘இல்லை’ என்று பொருள்.
“இருபத்தாறில் இன்னொன்று.”
அவரிடமே பென்சில் வாங்கி
ஏழாவதைப் போட்டாள்.

மூன்றாம் பதிவில்
முதல் சுரத்துக்கு முன்னால்
அவர் காற்றை உள்ளிழுத்த ஒலி
மைக்கில் விழுந்துவிட்டது.
வெட்டிவிடலாமா என்று
கண்ணாடிக்கு அப்பாலிருந்து கேட்டார்கள்.
திரையில் நாய்
முன்னங்கால் ஒன்றைத் தூக்கி,
வைக்கலாமா என்று
பனியைப் பார்த்தபடி நின்றது.

நெவேனா தலையை
மேலும் கீழும் ஆட்டினாள்.